மழை வெள்ளத்தில் மருந்து வருகிறதா? ஓடைப் பூச்சி சொல்லும்

கார்போகத்துக்கு உருளைக்கிழங்கு போட்டு, மண் அணைத்து, காலையில் மருந்தும் தெளித்தாயிற்று. மாலையில் முகட்டில் கருக்கல் கூடி இரண்டு செ.மீ. மழை கொட்டித் தீர்க்கிறது. நீலகிரி விவசாயிகள் எவருக்கும் இது புதிதல்ல. ஒரு ஏக்கர் பூமியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் அது 40,000 லிட்டர் தண்ணீர். இரண்டு செ.மீ. என்றால் 80,000 லிட்டர். சரிவு நிலத்தில் இதில் ஒரு பங்குதான் மண்ணுக்குள் இறங்கும். மீதி பார்களுக்கு இடையே ஓடிப் பள்ளத்தில் விழுந்து ஓடையில் சேரும். காலையில் தெளித்த மருந்தும், அடியுரமும், மேல்மண்ணும் கூடவே போகும்.

மருந்துக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் போனது ஒரு நஷ்டம். ஓடை அதோடு நிற்பதில்லை. கீழ்க்காட்டுக்காரர் அதே ஓடையில் மோட்டார் வைத்துத் தொட்டியை நிரப்புகிறார். அவர் வீட்டு மாடு அதில்தான் குடிக்கிறது. காரட்டும் முள்ளங்கியும் அதில்தான் கழுவப்படுகின்றன. அதற்கும் கீழே குன்னூர் ஆற்றின் நீர் மேட்டுப்பாளையத்தருகே பவானியில் கலக்கிறது. மேலே ஒருவர் தெளித்ததைக் கீழே எத்தனையோ பேர் அறியாமல் வாங்கிக்கொள்கிறார்கள். நமக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

"ஓடைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

சீசாவில் அகப்படாத விஷம்

மருந்து கலந்த வெள்ளம் ஒரு அலையைப் போல வந்து போகிறது. மழை தொடங்கிய முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வரும் கலங்கல் நீரில்தான் அதன் செறிவு மிகுதி. மழை தொடரத் தொடரத் தண்ணீர் பெருகிச் செறிவு குறைந்துவிடும். மறுநாள் காலையில் பிடித்த சீசாவில் அநேகமாக ஒன்றும் இருக்காது. சோதனைச்சாலையிலிருந்து பதில் வருவதற்குள் அடுத்த மருந்தும் அடித்தாகிவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே சிறு நீர்ப்பூச்சிகள் மடிகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிராம் மூலமருந்து பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கெடுத்துவிடும். இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பெரிய சோதனைச்சாலைகளில்தான் இருக்கின்றன. ஆற்றங்கரைகளில் வைக்கப்படும் சாதாரணத் தானியங்கிக் கருவிகள் கலங்கல், வெப்பம், புளிப்பு காரத் தன்மை, நீரில் கரைந்த உயிர்க்காற்று ஆகியவற்றை அளந்து சொல்லும். மருந்தைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழியில் யோசித்தார்கள். என்ன மருந்து, எவ்வளவு என்று தேடுவதை விட்டு, அந்தத் தண்ணீரில் ஓர் உயிரை வைத்து அதன் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பது. இவைதான் உயிர் உணரிகள். பெயர் புதிதாக இருக்கலாம், காரியம் பழையது. மேல்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் விஷக்காற்றை அறியக் கூண்டில் குருவி கொண்டுபோனார்கள். குருவி சுருண்டு விழுந்தால் ஆட்கள் வெளியே ஓடிவருவார்கள்.

ரைன் நதி கற்பித்த பாடம்

1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தருகே சாண்டோஸ் கம்பெனியின் மருந்துக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் கிடங்கிலிருந்த பூச்சிமருந்துகளை அலசிக்கொண்டு ரைன் நதியில் இறங்கியது. ஆறு சிவந்துபோயிற்று. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அந்த ஆற்று நீரைக் குடிப்பவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள்.

மழை நீர் தோட்டத்தில் சிறிய அளவில் செய்வதையே அன்று தீயணைக்கும் தண்ணீர் பெரிய அளவில் செய்தது. அதன்பின் ரைன் கரையில் உயிர் உணரி நிலையங்களுக்கு முக்கியத்துவம் கூடியது. அவற்றில் ஒரு வகை, டாப்னியா என்னும் நீர்த்தெள்ளை வைத்து வேலை செய்கிறது. எள்ளளவே உள்ள இந்த உயிர்கள் ஒரு சிறு கண்ணாடி அறையில் நீந்திக்கொண்டிருக்கும். ஆற்று நீர் இடைவிடாமல் அதன் வழியே செலுத்தப்படும். நீந்தும் வேகத்தையும் போக்கையும் காமிரா பார்த்துக்கொண்டே இருக்கும். திடீரென்று துள்ளினாலும், துவண்டாலும், அடியில் போய்ப் படுத்தாலும் மணி அடிக்கும்.

போலந்து நாட்டு வார்சா நகரத்தின் குடிநீர் நிலையத்தில் எட்டுச் சிப்பிகள் காவல் வேலை பார்க்கின்றன. கெட்ட தண்ணீர் வந்தால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அது அதன் இயல்பு. ஒவ்வொரு சிப்பியின் ஓட்டிலும் ஓர் உணர்கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். சிப்பிகள் சேர்ந்தாற்போல் மூடிக்கொண்டால் ஊருக்குப் போகும் தண்ணீர் தானாகவே நிறுத்தப்படும். ஒரே இடத்தில் இருந்து பழகிவிட்டால் சிப்பிக்குச் சுரணை குறையும் என்பதால் சில மாதங்களில் ஓய்வு கொடுத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சம்பளம் வாங்காத காவலாளிக்குப் பென்ஷன் மட்டும் உண்டு!

இருட்டில் ஒளிவிடும் ஒருவகைக் கடல் நுண்ணுயிரும் பயன்படுகிறது. விஷ நீரில் கலந்தால் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் அதன் ஒளி மங்கிவிடும். இன்னொரு முறையில் நரம்பில் வேலை செய்யும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதிப்பொருளைக் காகிதத்தில் ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடும். காகிதத்தின் நிறம் மாறுவதும் மாறாததும் அதைக் காட்டிக் கொடுக்கும். பூச்சியின் உடம்பில் உள்ள அதே நொதி மருந்து தெளிக்கிறவர் உடம்பிலும் இருக்கிறது. தெளித்துவிட்டு வந்தவருக்குத் தலை சுற்றி வாந்தி வருகிறதென்றால் அவரும் ஓர் உயிர் உணரியாகிவிட்டார் என்று அர்த்தம். அப்போது மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

நமது நாட்டுச் சட்டமும் மீனைச் சாட்சியாக ஏற்றிருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆலைக் கழிவுநீரில் மீன்களை 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்க வேண்டும் என்ற பொதுவான அளவுகோல் உள்ளது. ஆலைக்கு உள்ள சோதனை, சரிவுத் தோட்டத்திலிருந்து ஓடும் மழைநீருக்கு இல்லை. நம் ஓடையை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவி வாங்க வேண்டுமா?

காமிராவும் சிப்பியும் வைத்த கருவிகள் பெரிய நகரங்களின் குடிநீர் நிலையங்களுக்கு ஏற்றவை. அவற்றுக்கு விடாத மின்சாரம் வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும். நம் மலை ஓடையில் மழைக்கு வரும் சேறு குழாயை அடைத்துவிடும். அதுவும் எந்த நேரத்தில்? நாம் பார்க்க வேண்டிய அந்த முதல் வெள்ளத்தின் போதே. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஊராட்சியோ பெரிய தோட்டமோ குடிநீருக்காக யோசிக்கலாம்.

ஆனால் நமது ஓடையிலேயே, கல்லுக்கு அடியில், காசில்லாத உணரிகள் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நீலகிரியில் மூத்த தலைமுறையினருக்கு டிரவுட் மீனைத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்த மீன் அது. குளிர்ந்த, உயிர்க்காற்று நிறைந்த, தெளிந்த நீர் இல்லாவிட்டால் அதனால் வாழ முடியாது. அதைவிட நுட்பமான உணர்ச்சி உள்ளவை ஓடைப் பூச்சிகளின் இளம்பருவங்கள். பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒரு கையேட்டில், கே.ஏ. சுப்பிரமணியன், கே.ஜி. சிவராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் நீர்ப்பூச்சிகளைக் கொண்டு ஓடையின் நலத்தை அறியும் முறையை விளக்கியிருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இத்தகைய மதிப்பெண் முறையை ஆறுகளுக்குக் கையாண்டிருக்கிறது. இந்த முறையில் சுத்த நீரில் மட்டும் வாழும் பூச்சிக் குடும்பத்துக்கு 10 மதிப்பெண் வரை உண்டு; சாக்கடையிலும் வாழும் சிவப்புப் புழுவுக்கு 2, சேற்றுப் புழுவுக்கு 1.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். முக்கியமாக மூன்று பூச்சிகளை அடையாளம் தெரிந்தால் போதும்.

முதலாவது, தட்டையான உடம்புடன் கல்லை ஒட்டி ஓடுவது. பின்னால் மயிர் போன்ற வால் பெரும்பாலும் மூன்று, சிலவற்றில் இரண்டு. வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் அசைந்துகொண்டே இருக்கும். இறகு முளைத்தபின் ஓரிரு நாளே உயிர்வாழும் ஈயின் குஞ்சு இது. இரண்டாவது, எப்போதும் இரண்டே வால், கால்களில் இரண்டிரண்டு நகம். வயிற்றோரத்தில் செவுள் இராது. இது கல் ஈயின் குஞ்சு. மிகவும் ரோஷக்காரப் பூச்சி, நீர் சற்றுக் கெட்டாலும் முதலில் மறைவது இதுதான். மூன்றாவது, மணலையோ குச்சியையோ பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள்ளிருந்து தலையை நீட்டும் புழு. இவற்றைத் தவிரத் தட்டான் பூச்சியின் குஞ்சு, ஓடை நண்டு, நத்தை, அட்டை, சிவப்புப் புழு ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே.

பார்க்கும் முறை

கணுக்கால் முதல் முழங்கால் ஆழம் வரை, தண்ணீர் கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் இடமாக இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று உங்கள் காட்டுக்கு மேலே, மற்றது காட்டு நீர் கலந்ததற்குக் கீழே. மேலே உள்ள இடம் சோலையிலிருந்து வரும் நீராக இருந்தால் மிகவும் நல்லது. உள்ளங்கை அளவுள்ள பத்துக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் அலசுங்கள். கல் இருந்த இடத்துக்குக் கீழ்ப்புறம் ஒரு பழைய வேட்டித் துண்டை விரித்துப் பிடித்து, மேலேயுள்ள சரளையைக் காலால் கிளறினால் மேலும் சில வந்து விழும். எத்தனை பூச்சி என்று எண்ண வேண்டாம். எத்தனை வகை என்று பார்த்து ஒரு நோட்டில் தேதியுடன் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்தபின் அவற்றை ஓடையிலேயே விட்டுவிடுங்கள்.

பருவமழைக்கு முன் ஒரு முறை, முதல் பெருமழை கழிந்து ஒரு வாரத்தில் ஒரு முறை, அதற்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை. வருஷத்தில் சில மணி நேர வேலை.

மேலேயும் கீழேயும் மூன்று வகையும் இருந்தால் கவலையில்லை. கீழே சிவப்புப் புழுவும் சேற்றுப் புழுவும் மட்டும் பெருகியிருந்தால், சாணமோ மனிதக் கழிவோ கலந்து நீரில் உயிர்க்காற்று குறைந்துவிட்டது; அந்தப் புழுவின் சிவப்பு, குறைந்த காற்றிலும் மூச்சு விட உதவும் இரத்தச் சிவப்பு. நத்தையும் அட்டையும் சௌக்கியமாக இருக்க, ஆறுகால் பூச்சிகள் மட்டும் ஒட்டுமொத்தமாகக் காணாமற்போயிருந்தால் பூச்சிமருந்தைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சிமருந்து பூச்சி இனத்தைத் தேடிப்பிடித்துக் கொல்லுகிறது. நத்தைக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை. கற்கள் மீது பொடிமண் படிந்து சந்துகள் அடைபட்டு எல்லாமே குறைந்திருந்தால் அது மண் அரிப்பின் வேலை.

இதில் ஒரு எச்சரிக்கை அவசியம். பெருவெள்ளம் தன் வேகத்தாலேயே பூச்சிகளை அடித்துக்கொண்டு போகும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கணக்கில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. ஏக்கருக்கு 33 லட்சம் லிட்டர்! அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு கல்லில் பூச்சி இல்லையென்று மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகக் கூடாது. அதனால்தான் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடம் பார்க்கச் சொல்கிறோம். மேலே பூச்சி பிழைத்துக் கீழே மட்டும் போயிருந்தால்தான் நடுவில் உள்ள காட்டின் மீது குற்றம். அது நம் காடாகவும் இருக்கலாம்.

உடனுக்குடன் தெரிய வேண்டுமானால்

கல்லடிப் பூச்சி கடந்த சில வாரங்களின் கதையைச் சொல்லும். இப்போது வரும் தண்ணீர் எப்படி என்று அறிய, பெரிய தொட்டிக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி கட்டி, வருகிற நீர் அதன் வழியாகப் போகும்படி செய்து, அதே ஓடையின் பொடிமீன் ஏழெட்டு விட்டு வைக்கலாம். வார்சாவின் சிப்பிக்கு நம்மூர் மாற்று இது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் நீரில் காற்றுக் குறைவு. வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு, சுழன்று, பக்கவாட்டில் சாய்ந்தால் நரம்பு விஷம் என்று சந்தேகித்து உடனே மோட்டாரை நிறுத்துங்கள். வெளியூர் மீன்களை வாங்கி விட வேண்டாம். வெள்ளத்தில் தப்பி ஓடைக்குள் போனால் இங்குள்ள மீன்களுக்கு ஆபத்து.

மீன் பிழைத்திருக்கிறது என்பதற்காக அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்துவிடாதீர்கள். பேதிக் கிருமி மீனை ஒன்றும் செய்யாது.

மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மழை தொடங்கி வரும் முதல் கலங்கல் வெள்ளத்தைத் தொட்டிக்குள் விடாமல் இரண்டு மூன்று மணி நேரம் போகவிட்டு, பிறகு எடுப்பது நன்று.

காட்டில் செய்ய வேண்டியது

மருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்து வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வரிசை பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்பதைக் கொண்டு அமைந்தது. மீனையும் நீர்ப்பூச்சியையும் பற்றி அந்த நிறம் ஒன்றும் சொல்லாது. பச்சை முக்கோணம் என்று ஓடையோரத்தில் தாராளமாக அடித்துவிடக் கூடாது. மீனுக்குக் கொடிய எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதற்கு மாற்றாகப் போன பைரித்ராய்டு மருந்துகளும் மீனுக்கு நல்லவையல்ல.

குளோர்பைரிபாஸும் பைரித்ராய்டுகளும் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. மண் துகளைப் பற்றிக்கொண்டே பிரயாணம் செய்கின்றன. மண்ணை நிறுத்தினால் அவற்றில் பெரும்பகுதியை நிறுத்தியதாகும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மண். லாரியில் யாராவது அதை அள்ளிப்போனால் விடுவோமா? 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளைக்கிழங்கின் தங்க நூற்புழுவின் முட்டைக்கூடுகளும் இந்த மண்ணோடுதான் காடு விட்டுக் காடு போகின்றன. பல வருஷம் உயிரோடு கிடக்கும் கூடுகள் அவை.

சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பது வடிகாலுக்குச் சௌகரியம் என்று பலர் செய்கிறார்கள். கிழங்கு அழுகாது என்பது உண்மை. மண்ணும் நிற்காது. நீலகிரி போன்ற மழை மிகுந்த இடங்களுக்கு உட்புறம் சற்றே சரிந்த படிமட்டங்களும், அவற்றின் உள்ளோரத்தில் மெதுவாக நீரை இறக்கும் வடிகாலும் சிபாரிசு செய்யப்பட்டுள்ளன. முழுக்காட்டையும் திருத்தப் பணமில்லாதவர்கள் கீழ் எல்லையிலாவது தொடங்கலாம். ஓடைக்கரையில் பத்தடி அகலத்துக்குப் பயிர் செய்யாமல் குவாட்டமாலா புல்லோ வெட்டிவேரோ வையுங்கள், மாட்டுக்கும் தீவனமாகும். அதற்கு மேலே, தண்ணீர் கூடும் மூலையில் ஒரு வண்டல் குழி வெட்டினால் மழைக்குப் பின் மண்ணை எடுத்துக் காட்டிலேயே போட்டுவிடலாம். தேயிலைக்காரர்கள் வரிசைகளுக்கு நடுவே மாற்றி மாற்றி வெட்டும் குழிகளின் பயனும் இதுவே.

அடுத்த நாள் மழைக்கு அறிகுறி இருந்தால் மருந்து தெளிப்பதைத் தள்ளிப்போடுங்கள். நோய் முற்றுகிறதே என்ற பதைப்பு புரிகிறது. பின்பருவக் கருகல் காத்திருக்காது என்பதும் தெரியும். ஆனால் இலையில் காயாமல் கழுவப்பட்ட மருந்து கருகலையும் தடுக்காது. தெளிப்பானை ஓடையில் அலசும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். அலசிய நீரைக் காட்டிலேயே, ஓடைக்குத் தூரமாக, பயிர் மீதே தெளித்துவிடலாம்.

மேலும் விபரம் வேண்டுவோர், 1954 முதல் உதகையில் இயங்கிவரும் மத்திய அரசின் மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தையும், விஜயநகரம் பண்ணையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். படிமட்டம், வண்டல் குழி போன்ற வேலைகளுக்கு உதவித் திட்டம் ஏதும் இருக்கிறதா என்பதை அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும். போகும்போது ஓடைக் கணக்கு எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.